பிரேக் பேட் மாற்றுவதும் சில்லில் படியும் கருந்தூளும்: திருகோணமலை வாகனக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலைநாட்டில் ஓடும் காரின் பிரேக் தேய்ந்து கெடுகிறது. திருகோணமலையில் ஓடும் காரின் பிரேக் பெரும்பாலும் இறுகிக் கெடுகிறது. உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று எந்தப் பக்கம் போனாலும் கடற்காற்று கூடவே வருகிறது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பவை. விட்ஸ், வேகன் ஆர், அல்டோ, அக்வா போன்ற சிறு கார்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

சில்லில் ஒட்டியிருக்கும் அந்தக் கருந்தூள் உண்மையில் என்ன?

பிரேக்கை மிதிக்கும்போது, சில்லோடு சேர்ந்து சுற்றும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டைப் பேட் அழுத்திப் பிடிக்கிறது. பேடும் தேய்கிறது, டிஸ்க்கும் தேய்கிறது. டிஸ்க் வார்ப்பிரும்பு என்பதால் அந்தத் தூளில் இரும்புத் துகள் நிறைய உண்டு. மிச்சம் பேடில் உள்ள நார், பிசின், கரி. சூடாகத் தெறிக்கும் துகள் சில்லின் மேற்பூச்சில் ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் உப்பு ஈரம் படிந்தால் இரும்பு துருப்பிடித்துச் செம்மஞ்சள் புள்ளியாகிறது. நாளாக நாளாகப் பூச்சைத் துளைத்து அலோய் சில்லின் உலோகம் வரைக்கும் போய்விடும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் அது அழுக்கு அல்ல, புண்.

கழுவுவதற்கு முன் தூளைப் பார்க்க வேண்டும் என்கிறார்களே, எதற்கு?

நான்கு சில்லுகளையும் வரிசையாகப் பார்த்தால் பிரேக்கின் நிலைமை பாதி தெரிந்துவிடும். காசு செலவில்லாத சோதனை இது. சேர்விஸ் நிலையத்தில் வண்டியை விட்ட உடனேயே பையன் தண்ணீரைப் பீய்ச்சி அந்தத் தகவலை அழித்துவிடுகிறான்.

முன்சில்லு இரண்டும் ஒரே அளவு கறுத்து, பின்சில்லுகள் ஓரளவு சுத்தமாக இருந்தால் எல்லாம் ஒழுங்கு. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னே சாய்வதால் முன்பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். நம் ஊர்ச் சிறு கார்கள் பலவற்றில் பின்னால் இருப்பது டிரம், அதாவது மூடிய உருளைக்குள் லைனர் என்ற உரசும் பகுதி விரிந்து பிடிக்கும் பிரேக். அதன் தூள் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

முன்சில்லில் ஒன்று மட்டும் மற்றதைவிடக் கறுத்திருந்தால் அந்தப் பக்கக் கலிப்பர், அதாவது பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் மகிழ வேண்டாம். அந்தப் பக்கம் பிரேக் வேலையே செய்யவில்லை என்று பொருள். தூளுக்குள் சிறு உலோகச் செதில்கள் மின்னினால் பேட் முடிந்து இரும்போடு இரும்பு உரசுகிறது. தூள் ஈரமாக, பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தால் பிரேக் ஒயிலோ அச்சின் கிரீஸோ கசிகிறது, அன்றே காட்டுங்கள்.

ஐயம் இருந்தால் இன்னொரு சோதனை. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சில்லுக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒன்றிலிருந்து மட்டும் வெக்கை அடித்தால் குற்றவாளி அதுதான்.

பேட் முடிந்துவிட்டது என்பதை எப்படி அறிவது?

புதுப் பேடின் உரசும் பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிப்பாக இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். பல பேடுகளில் ஒரு சிறு தகடு பொருத்தியிருப்பார்கள். பேட் மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். பிரேக்கை மிதிக்காமல் ஓடும்போதும் அந்தச் சத்தம் கேட்கலாம். கீச்சுச் சத்தம் போய்க் கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்துவிட்டால் செலவில் டிஸ்க்கும் சேர்ந்துவிட்டது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டாஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்தால் பலர் ஒயிலை ஊற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் கலிப்பரின் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஒயில் இறங்கும். ஒயில் குறைந்ததே பேட் தேய்ந்ததன் செய்தியாக இருக்கக்கூடும். முதலில் பேடைப் பாருங்கள். பேட் நன்றாக இருந்தும் ஒயில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது.

சில்லின் இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டும். உள்பக்கப் பேட் தகடாகிப்போய், வெளிப்பக்கம் பாதித் தடிப்போடு நிற்கும் வண்டிகள் நம் கரையோரத்தில் சாதாரணம். சில்லைக் கழற்றாமல் "பேட் நல்லாயிருக்கிறது" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

இதற்கு ஒரே எண் சொல்கிறவர் ஊகிக்கிறார். ஓட்டுநரின் கால், வண்டியின் பாரம், போகும் பாதை மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. சமதரை என்பதால் நமக்குத் தேய்மானம் குறைவு. ஆனால் நகருக்குள் மாடு, முச்சக்கரவண்டி, பிரெடெரிக் கோட்டைப் பக்கம் புள்ளிமான் என்று எதற்கும் கால் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது. ஓட்டம் குறைவாக இருந்தாலும் வாடை மழைக்கு முன் ஒருமுறையும் மழை ஓய்ந்த பின் ஒருமுறையும் சில்லைக் கழற்றிப் பாருங்கள்.

உப்புக்காற்று அப்படி என்னதான் செய்கிறது?

கலிப்பர் இரண்டு ஸ்லைட் பின்களின் மேல் முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விரல் அளவேயான இரும்புத் தண்டு. மேலே ஒரு ரப்பர் உறை, உள்ளே கொஞ்சம் கிரீஸ். ரப்பர் உறையில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும். உப்பு ஈரம் உள்ளே போகும், கிரீஸ் பசை போல் கெட்டியாகும். அப்படியொரு பின்னைக் கழற்றும்போது முதலில் அசையாது. முறுக்கி முறுக்கி இழுத்தால் கறுவாப்பட்டை நிறத்தில் ஒரு பொருக்கு உதிரும். துடைத்துப் பார்த்தால் வழவழப்பாக இருக்க வேண்டிய தண்டின் ஒரு பக்கம் குழி குழியாக அரித்திருக்கும். இந்த நிலையில் மிதியை விட்டாலும் கலிப்பர் பின்வாங்காது. பேட் டிஸ்க்கை விட்டு விலகாது. பெட்ரோல் அதிகம் குடிக்கும், சில்லு சூடாகும், தூள் கொட்டும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பலர் புதுப் பேட் போட்டுக்கொண்டு போகிறார்கள், சில மாதத்தில் அதே பக்கம் மறுபடி தேய்ந்து நிற்கிறது. பேடைக் குறை சொல்கிறார்கள். பின்னைச் சுத்தம் செய்யாமல் பேட் மாற்றுவதை நான் பேட் மாற்றியதாகவே எண்ணுவதில்லை. குழி விழுந்த பின்னை அரத்தாள் தேய்த்துப் போடுவதும் வீண். பின்னும் ரப்பர் உறையும் தனியே கிடைக்கின்றன, விலையும் பெரிதல்ல.

எந்தப் பேட் வாங்குவது?

உலோகம் கலந்த பேட் சூட்டைத் தாங்கும், ஆனால் தூள் அதிகம், டிஸ்க்கையும் கூடத் தின்னும். செராமிக் பேடில் தூள் குறைவு, நிறமும் வெளிறியது, சத்தமும் அடக்கம், விலை கூட. திருகோணமலைக்குள்ளும் நிலாவெளிப் பக்கமும் ஓடும் குடும்பக் காருக்குச் செராமிக் பேட்தான் என் தேர்வு. தூளே வராத பேட் என்று எவரேனும் விற்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். உரசாமல் பிரேக் இல்லை.

பெட்டியின் அழகைப் பார்த்து வாங்காதீர்கள். அகெபோனோ, நிஷின்போ போன்ற பெயர் பெற்ற ஜப்பானியத் தயாரிப்புகளுக்கும் போலி வருகிறது. அச்சு மங்கலாக இருந்தாலும், பேடின் முதுகில் எண் பொறிக்கப்படாமல் இருந்தாலும், ஓரங்கள் உதிர்ந்தாலும் வேண்டாம். கடைக்குப் போகும்போது "விட்ஸ்" என்று மட்டும் சொன்னால் போதாது. கேஎஸ்பி 90 (KSP90) என்ற மாடல் குறியுள்ள விட்ஸுக்கும் கேஎஸ்பி 130 (KSP130) விட்ஸுக்கும் பேட் ஒன்றல்ல. சேசிஸ் எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் பழைய பேடையும் கையோடு கொண்டுபோங்கள்.

வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே வீதியில் ஓடுபவற்றில் பெரும்பகுதி வயதான வண்டிகள். அவற்றுக்கு உதிரிப்பாகத்தில் மிச்சம் பிடிப்பது மிச்சமாகாது.

நானே மாற்றலாமா?

டிஸ்க் பிரேக் உள்ள முன்சில்லு என்றால், ஸ்பனர் பிடித்துப் பழகிய கைக்கு முடியும். ஒரு முறையாவது தெரிந்தவரோடு நின்று பார்த்த பிறகு செய்யுங்கள். பின் டிரம்மின் லைனர் மாற்றுவது வேறு வித்தை. அதன் சுருள்கள் முதன்முறை செய்பவரின் பொறுமையைச் சோதிக்கும்.

சமமான, கெட்டியான தரை வேண்டும். மணல் முற்றத்தில் ஜக் சாயும். பின்சில்லுக்குக் கட்டை வையுங்கள். சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கி, பிறகு தூக்கி, ஸ்டாண்ட் கொடுங்கள். வண்டியோடு வந்த ஜக் டயர் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி வண்டிக்குக் கீழே கையை நீட்டாதீர்கள்.

ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள். ஐயம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கம் முழுதாக இருக்கும். பேட் மாற்றும்போது இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கையில் வண்டி சாயும்.

கலிப்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றினால் பெரும்பாலான சிறு கார்களில் கலிப்பர் கதவு போல் மேலே திறக்கும். முழுதாகக் கழற்ற வேண்டி வந்தால் ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் சுருளில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் குழாயில் தொங்கவிட்டால் குழாய் உள்ளுக்குள் கிழியும், வெளியே தெரியாது. பழைய பேடை எடுக்கும்போது எந்தத் தகடு எந்தப் பக்கம் இருந்தது என்று படமெடுத்து வையுங்கள். பேட் உட்காரும் தாங்கியைக் கம்பித் தூரிகையால் துருப் போகச் சுரண்டுங்கள். புதுப் பேட் அதில் கையால் தள்ளினாலே வழுக்க வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் துரு இன்னும் மிச்சமிருக்கிறது.

பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் ஒயில் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, அளவைப் பாருங்கள். இடையில் யாராவது நிரப்பியிருந்தால் பொங்கி வழியும். பிரேக் ஒயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும், பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய பேடைப் பிஸ்டன்மேல் வைத்து, கிளாம்ப் கொண்டு மெல்ல மெல்லத் தள்ளுங்கள். அசைய மறுத்தாலோ, பிஸ்டனின் ரப்பர் கிழிந்திருந்தாலோ அங்கேயே நிறுத்திக் கராஜுக்குப் போவதுதான் புத்தி. பின்சில்லிலும் டிஸ்க் உள்ள சில கார்களில் பிஸ்டனைத் தள்ளக்கூடாது, திருகி உள்ளே அனுப்ப வேண்டும்.

ஸ்லைட் பின்னுக்குப் பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து, நீங்கள் சரிசெய்த பின்னை நீங்களே இறுக்கிவிட்டதாக ஆகும். பேடின் முகத்திலும் டிஸ்க்கிலும் ஒரு துளி கிரீஸ்கூடப் படக்கூடாது.

எல்லாம் பூட்டியதும், எஞ்சினை எழுப்பி, வண்டியை நகர்த்தும் முன் பிரேக் மிதி கெட்டியாகும்வரை மெல்ல மெல்ல மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. சில்லு நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்குவது என்பது வண்டியின் கையேட்டில் இருக்கிறது. பல டொயோட்டா சிறு கார்களுக்கு அது 103 நியூட்டன் மீட்டர். ஸ்பனரில் நீளக் குழாயை மாட்டி ஏறி நின்று இறுக்குவது வீரம், ஆனால் அடுத்த முறை வீதியோரத்தில் பஞ்சர் போடும்போது தெரியும்.

தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயால் அடிக்காதீர்கள். பழைய பேடுகள் சிலவற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் தெளித்து நனைத்துத் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வண்டிக்கும் இதேதானா?

இல்லை, இங்கே கை வைக்க வேண்டாம். அவற்றின் பிரேக் அழுத்தத்தை மின்பம்ப் உருவாக்குகிறது. சாவி போடாமல் சாரதிக் கதவைத் திறந்தாலே அது விழித்துக்கொள்ளும். கலிப்பர் கழற்றிய நேரத்தில் அது நடந்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். விரலும் போகலாம். ஸ்கானர் வைத்து அந்த அமைப்பை முறையாக நிறுத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மின் கைப்பிரேக் உள்ள வண்டிக்கும் இதே பதில்தான்.

ஹைபிரிட் வண்டியில் வேகத்தைக் குறைப்பதில் பெரும்பங்கை மோட்டார் செய்வதால் பேட் நீண்ட காலம் வரும், சில்லும் அவ்வளவு கறுக்காது. கரையோரத்தில் அதுவே வினை. உரசாத டிஸ்க்கில் துரு ஏறும், அசையாத பின் இறுகும். பேட் புதிதாகவே இருக்க, கலிப்பர் கெட்டுப்போன அக்வாக்கள் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், பேட் மாற்றத் தேவையில்லாவிட்டாலும்.

டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பார்த்து அதற்குக் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டும், பேச்சில்லை. அதற்கு மேலே இருந்து, மிதியில் துடிப்புத் தெரிந்தால் லேத்தில் கடையலாம். கடைந்த பிறகும் தடிப்பு எல்லைக்கு மேலே நிற்குமா என்று முதலில் கேளுங்கள். மழை பெய்த இரவுக்குப் பின் காலையில் டிஸ்க் மஞ்சளாக இருந்தால் பயப்பட வேண்டாம். நாலைந்து முறை மிதித்ததும் உரிந்துவிடும்.

பிரேக் ஒயில் மாற்றச் சொல்கிறார்கள். அவசியமா?

அவசியம். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, நம் ஊர்க் காற்றில் அதற்குப் பஞ்சமில்லை. டாட் 3 (DOT 3) என்ற தரக் குறியுள்ள புதிய ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அது 140 வரை இறங்கிவிடலாம். டாட் 4 என்றால் 230, 155. ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதி பஞ்சு போல் அமிழும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்கக்கூடாது. எண் பெரிதாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

புதுப் பேட் போட்டும் கீச்சிடுகிறது, பிடிப்பும் குறைவாக இருக்கிறதே?

பேட் டிஸ்க்கோடு இன்னும் பழகவில்லை. அதிகாலையில் வெறிச்சோடிய ஒரு நேர்வீதியில், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரைக்கும் சீராகக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். மறுபடி வேகம் எடுத்து மறுபடி குறையுங்கள். பத்து முறை போதும். பிறகு பிரேக்கைத் தொடாமல் கொஞ்சத் தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கோடு நின்று மிதியை அழுத்திப் பிடித்தால் பேட் பொருள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, பின்னாளில் துடிப்பாகத் தெரியும். இதற்குப் பிறகும் கத்தினால் பேடின் முதுகில் சத்தத்தை அடக்க வைக்கும் மெல்லிய தகடு விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் அதைத்தான் பழைய பேடோடு சேர்த்து எறிந்துவிடுவார்கள்.

சில்லை எப்படிக் கழுவினால் தூள் போகும்?

முதல் நிபந்தனை: சில்லு குளிர்ந்திருக்க வேண்டும். கந்தளாயிலிருந்து கொதிக்கக் கொதிக்க வந்து நின்ற வண்டியின் டிஸ்க்கில் குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவது அதற்கு நல்லதல்ல. மேலும் சூட்டில் சோப்பு காய்ந்து கறையாகும். நிழலில் நிறுத்துங்கள், குறிப்பாகக் கச்சான் வீசும் மாதங்களில். வெயிலில் ஒரு சில்லு முடியுமுன் அடுத்தது உலர்ந்துவிடும்.

உடலைக் கழுவும் முன் சில்லைக் கழுவுங்கள், அதற்கென்று தனி வாளி, தனித் துணி வையுங்கள். சில்லைத் துடைத்த துணியில் இரும்புத்தூள் இருக்கிறது, அதே துணியால் கதவைத் தேய்த்தால் கீறல்தான் மிச்சம். முதலில் வெறும் நீரால் தளர்ந்த தூளைப் போக்குங்கள். பிறகு வாகனச் சவர்க்காரமும் மென்மையான தூரிகையும். நட்டுக் குழிக்கும் ஆரங்களின் உள்பக்கத்துக்கும் பழைய பல் தூரிகை போதும். உள்வளையத்தை யாரும் கழுவுவதில்லை. ஆனால் தூள் அதிகம் கூடும் இடம் அதுதான்.

இன்னும் செம்மஞ்சள் புள்ளி தெரிந்தால் இரும்பு நீக்கும் திரவம் தெளியுங்கள். அது இரும்போடு வினைபுரிந்து ஊதா நிறமாகக் கசியும்; அழுகிய முட்டை போல் நாறும், அதுவும் இயல்புதான். உலரவிடாமல் சில நிமிடத்தில் நன்றாக நீர் விட்டுக் கழுவுங்கள். கையுறை போடுங்கள். அமிலம் கலந்த மலிவான சில்லுத் திரவங்கள் வேகமாக வெளுக்கும், மேற்பூச்சையும் சேர்த்து.

கடலுக்கு அருகே உவர்க் கிணற்று நீரால் கழுவுகிறவர்கள் கடைசியில் ஒரு வாளி குழாய் நீரை ஊற்றிவிட்டுத் துடையுங்கள். தானாக உலரவிட்டால் வெள்ளைத் திட்டுத் தங்கும். கழுவியதும் வண்டியை அப்படியே நிறுத்தாமல் ஒழுங்கைமுனை வரைக்கும் ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்து ஈரத்தைப் போக்குங்கள்.

தேசிக்காய், சலவைத்தூள், மண்ணெண்ணெய் இவற்றால் தேய்க்கலாமா?

தேசிக்காயும் அமிலம்தான், சலவைத்தூள் பூச்சை மங்கவைக்கும். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் பளபளக்கும்தான், ஆனால் தூளை இன்னும் இழுத்து ஒட்டவைக்கும். ஒரு துளி டிஸ்க்கில் வழிந்தால் அந்தப் பக்கம் பிரேக் இல்லை. டயருக்குப் பூசும் மினுக்கு எண்ணெயையும் துணியில் எடுத்துப் பூசுங்கள், தெளிக்காதீர்கள்.

தூள் ஒட்டாமல் இருக்க ஏதாவது வழி உண்டா?

சுத்தமான சில்லுக்கு மெழுகு அல்லது செராமிக் பூச்சுப் போட்டால் தூள் ஒட்டும், ஆனால் பிடிக்காது, நீரிலேயே போய்விடும். சில்லுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் வைக்கும் தூள்தடுப்புத் தட்டை வேண்டாம். டிஸ்க் ஆறுவதற்குத் தேவையான காற்றை அது மறிக்கிறது.

நுவரெலியா போகப் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

சமதரையில் பழகிய கால் இறக்கத்திலும் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்கும். றம்பொடைப் பக்கம் இறங்கும்போது சிறிய கியருக்கு மாறி, எஞ்சினால் வண்டியைப் பிடியுங்கள். ஓட்டோ கியர் வண்டியில் எல் (L) அல்லது பி (B); பார்க் (P) அல்ல. கருகும் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி ஆறவிடுங்கள், நீர் ஊற்றாதீர்கள். புறப்படும் முன் பேட் தடிப்பும் ஒயிலின் வயதும் பாருங்கள். ஹபரணையில் இரவு யானை குறுக்கிடும் பாதையும் வழியில்தான் இருக்கிறது.

வாடை மழையில் வண்டி இரண்டு வாரம் நின்றுவிட்டது. இப்போது நகரவில்லை, என்ன செய்ய?

லைனர் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள்; டக்கென்று ஒரு சத்தத்தோடு விடுபடும். விடாவிட்டால் எஞ்சினால் இழுத்து மல்லுக்கட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள், லைனர் தகட்டை விட்டுக் கழன்றுவிடும். வெள்ளநீரில் சில்லின் நடுமட்டம்வரை நின்ற வண்டி என்றால் நகர்ந்தாலும் டிரம்மைத் திறந்து சேறு எடுக்க வேண்டும். இனி நீண்ட நாள் நிறுத்தும்போது கைப்பிரேக்கை இழுக்காமல், சமதரையில் கியரிலோ பார்க்கிலோ விட்டு, சில்லுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள்.